எழுப்ப ஆளில்லாத நாடகம்

எனக்கு எண்பது வயது. வளர்த்தது ஆறு. வயிற்றில் சுமந்தது நாலு. தங்கை கண்ணை மூடிய பிறகு அவள் முந்தானையிலிருந்து என் முந்தானைக்கு மாறி வந்தது இரண்டு. ஆறுக்கும் ஒரே சட்டி, ஒரே அகப்பை. யாரை யார் பெற்றது என்று ஊரில் கேட்டால் இன்றைக்கும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள்.

இத்தனை வாரமாக நான் சொல்லச் சொல்ல எழுதி வருகிறவன் என் பேரன் கதிர். இரண்டாவது மகனுடைய மகன். நான் பஸ் போர்டு படிப்பேன், தமிழிலும் மலையாளத்திலும். கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் எழுத்தோடு எனக்குச் சோலி இருந்ததில்லை.

இதைப் படிக்கிறவர்கள் சிலர் கதிரிடம் கேட்டார்களாம். ஆறு என்கிறார் உங்கள் ஆத்தா, ஐந்து பேர் கதைதான் வந்திருக்கிறது, இன்னொருவர் எங்கே என்று. கேட்டது நியாயம்தான். பந்தியில் ஒரு இலையை விட்டுவிட்டுப் பரிமாறினால் பார்க்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

விட்டது என் கடைசிப் பையனை. அவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், போன பங்குனியில் எங்கள் களத்தில் நடந்த ஒரு நாடகத்தைச் சொல்லியாக வேண்டும்.

களத்தில் கிடந்தவன்

வெயில் தாழ்ந்திருந்தது. களத்தில் காயப்போட்ட புளியை அள்ளி வரலாம் என்று கூடையோடு போனேன். எங்கள் களம் மாந்தோப்புக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருக்கிறது. பாதை ஓரமாகக் கம்பி வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் ஸ்டேஷன் ஆலமரங்களின் தலை தெரியும். அதற்குப் பின்னால் நெல்லியாம்பதி மலை.

களத்து நடுவில் கதிர் கிடந்தான்.

மல்லாந்து கிடந்தான். ஒரு கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. தலையில் இருந்த தொப்பி கழன்று உருண்டு, புளியின் மேல் விழுந்திருந்தது. சுற்றிலும் ஏழெட்டுப் பிள்ளைகள். ஒருத்தன் கயிறு சுற்றுகிறான். ஒருத்தி டம்ளரில் டீ ஊற்றுகிறாள். யாரும் அவனைப் பார்க்கவில்லை. ஒரு எறும்பு அவன் கன்னத்தில் ஏறி, காதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதையும் அவன் தட்டிவிடவில்லை.

ஒத்திகை என்று எனக்குத் தெரியும். களத்தைக் கேட்டு வந்தபோதே சொல்லித்தான் கேட்டார்கள். தெரிந்தும், புளிப் பக்கம் போகாமல் அவன் தலைமாட்டில் போய் நின்றேன்.

"ஏன்டா, உன்னை யாரு எழுப்பறது?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னான். "யாரும் எழுப்ப மாட்டாங்காத்தா. இந்தக் கதைல உழுந்தா உழுந்ததுதான்."

புளியை அள்ளாமலே திரும்பி வந்துவிட்டேன்.

பனி பெய்யும் ஊர்

அது என்ன நாடகம் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் வாயனசாலையில், அதாவது படிப்பகத்தில், பிந்து டீச்சர் என்று ஒருத்தி இருக்கிறாள். பள்ளிக்கூடத்து வாத்திச்சி. மலையாளத்துக்காரி, எங்கள் ஊருக்கு வாழ வந்தவள். தமிழ் பேசுவாள், பாதியில் மலையாளம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வருஷத்துக்கு ஒரு நாடகம் போடாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

இந்த முறை அவள் எடுத்தது கடல் தாண்டி எங்கோ இருக்கிற ஒரு தேசத்துக் கதை. பெரிய யுத்தம் நடந்த காலம். அந்நியன் வந்து அந்தத் தேசத்தைப் பிடித்து வைத்திருக்கிறான். ஊரெல்லாம் பனி. அங்கே ஒரு சின்ன ரயில் நிலையம், எங்களுடையதைப் போலத்தான், நாலு வண்டி நின்றால் இரண்டு வண்டி நிற்காமல் போகும். அங்கே வேலை பழக ஒரு பையன் வருகிறான். புதுச் சட்டை, புதுத் தொப்பி. மீசை அரும்பிவிட்டது, ஆனாலும் தன்னை யாரும் ஆளாக மதிக்கவில்லையே என்று அவனுக்குள் ஒரு வெசனம். ஒரு பெண்ணிடம் பேசப் போய் நாக்குக் குழறி வருகிறான். பெரியவர்கள் சிரிக்கிறார்கள். கடைசியில், அந்நியனுடைய வெடிமருந்து ஏற்றிய வண்டி அந்த வழியாக வரும்போது அதை நிறுத்துகிற வேலை இவன் கைக்கு வருகிறது. நிறுத்துகிறான். விழுகிறான்.

அவ்வளவுதான் கதை. கேட்கிறபோது சின்னக் கதை.

ஸ்டேஷன் மாஸ்டர் வேஷம் பால் சொசைட்டி வேலுச்சாமிக்கு. சொல்லிக்கொடுத்த வசனம் மறந்தால் சந்தையில் ஆடு பிடிக்கிற பேச்சை எடுத்துவிடுவான். "இந்தப் பையன் பல்லப் பாத்தா ரெண்டு வயசுதானுங்க தேறும்" என்று அவன் ஒத்திகையில் சொல்ல, டீச்சர் முதலில் முறைத்துவிட்டு, பிறகு அதை அப்படியே வைத்துக்கொண்டாள்.

வேலை பழக வந்த பையன் வேஷம் கதிருக்கு.

களத்தை எதற்குக் கேட்டார்கள் என்றால், நிஜ ரயில் வேலி ஓரமாகப் போகும். ஸ்டேஷனில் நாடகம் போட அனுமதி கிடைக்காது. எங்கள் களத்தில் போட்டால் அந்தி வண்டி போகிற சத்தமும் வெளிச்சமும் தானாக வந்து சேரும். என் களத்துக்கு இப்படி ஒரு யோகம் இருப்பது எனக்குத் தெரியாது. சரி என்றேன்.

விழுந்தவனும் கூட்டமும்

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு நான் ஏன் புளியை விட்டுவிட்டு வந்தேன் என்பது விளங்காது.

எங்கள் குலசாமி கோயிலில் மாசியில் படுகளம் நடக்கும். சாமியாகிவிட்ட அண்ணன் தம்பிகள் சண்டையில் விழுந்த கதையை உடுக்கை அடித்துப் பாடுவார்கள். பாட்டு சண்டைக்கு வரும்போது, விரதம் இருந்த இளவட்டங்கள் சாமி வந்து ஆடி, அப்படியே தரையில் விழுவார்கள். உச்சி வெயிலில், சுடுகிற மண்ணில், கட்டை போலக் கிடப்பார்கள். வெள்ளைத் துணி போர்த்திவிடுவார்கள். ஒவ்வொருவன் பக்கத்திலும் அவனைப் பெற்றவளோ கூடப்பிறந்தவளோ தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள்.

அழுகிற அழுகை நிஜ அழுகைதான். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு யாரும் அழுவதில்லை.

பிறகு செம்பில் தீர்த்தம் வரும். வேப்பிலையால் முகத்தில் தெளித்து, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் எழுந்துவிடுவான். எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழிப்பான். அப்போது பெற்றவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி இருக்கும்.

இதில் இரண்டு கட்டளை உண்டு. விழுந்தவனைத் தாண்டிப் போகக்கூடாது. கடைசி ஆள் எழுகிற வரைக்கும் கூட்டம் கலையக்கூடாது. மழை வந்தாலும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும்.

என் கடைசிப் பையனும் ஒரு மாசியில் விழுந்திருக்கிறான். நான்தான் எழுப்பினேன். எழுந்ததும் அவன் கேட்டது, "அம்மா, சோறாயிருச்சா?" என்று. பக்கத்தில் இருந்த பெண்கள் அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

மருமகள் வந்தாள்

கதிரின் அம்மா தங்கமணி. என் மருமகள். வாய் திறக்காத பெண் என்று நினைத்துக் கட்டி வந்தோம். இருபது வருஷம் அந்த நினைப்பைக் காப்பாற்றியும் வைத்திருந்தாள்.

நாடகத்தின் முடிவு அவள் காதுக்குப் போனது. மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த என் எதிரில் வந்து நின்றாள்.

"அத்தைங்க, களம் உங்களுது. குடுக்கலீன்னு ஒரு சொல்லுச் சொல்லீருங்க. அத்தோட போச்சு."

நாடகம்தானே என்றேன்.

"படுகளத்துல உழுகறவன் எழுப்பறதுக்குப் பெத்தவ இருக்கான்னு உழுகறானுங்க. இது அப்படியா? நாலு பேரு பாக்க எம் பையன் பொணமாக் கெடப்பான். ஒருத்தரும் எழுப்ப மாட்டாங்களாம். அப்படியே போட்டுட்டு ஊடு போயிருவாங்களாம்." முந்தானையை இழுத்துச் செருகினாள். "இந்த ஊட்டுல ஒரு தடவ நடந்தது போதாதுங்களா?"

அவள் சொன்னது என் கடைசிப் பையனை. பேர் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை.

தவிட்டுக் கையோடு நின்றேன். அவள் கேட்டதில் தப்பில்லை. நான் ஒரு சொல் சொன்னால் நாடகம் நின்றுவிடும். வேறு இடம் பார்க்க அவர்களுக்கு நாளும் இல்லை.

டீச்சரை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன்.

பெட்டி

டீச்சர் வருவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லத்தானே இந்த வாரம்.

என் கடைசிப் பையன் பட்டாளத்துக்குப் போனான். அப்போது எங்கள் பாதையில் சின்ன வண்டி ஓடியது. மாங்காய்க் கூடைகளோடு கூடையாக ஏறிப் பாலக்காட்டுக்குப் போய், அங்கிருந்து வடக்கே போனான். சன்னலில் உட்கார இடம் கிடைத்தது என்பதற்காகச் சந்தோஷப்பட்டான். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வேறு பெரிய பேச்சு எதுவும் பேசவில்லை. மாடு ஈன்றால் சொல்லி எழுதச் சொன்னான்.

வடக்கு மலையில் சண்டை மூண்டது. ரேடியோவில் சொன்னார்கள். பிறகு ஒரு நாள் பெட்டி வந்தது. ரயிலில் வரவில்லை, பட்டாள லாரியில் வந்தது. மூடியை ஆணி வைத்து முறுக்கியிருந்தது. மேலே கொடி.

வந்த அதிகாரிகள் நல்ல மனிதர்கள். அவர்கள் இந்தியில் சொன்னதைப் பஞ்சாயத்து ஆள் ஒருவர் தமிழில் சொன்னார். வீரமாகப் போனான் என்று சொன்னார். மலையில், பனியில் என்று சொன்னார். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொன்னார். திறக்கும் நிலையில் இல்லை என்பதை எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

எங்கள் முறையில், எடுப்பதற்கு முன்னால் பெற்றவள் முகத்தைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு, அவன் வரவில்லை என்பதைக் கண்டுகொண்ட பிறகுதான் தூக்க விடுவாள். முகம் இல்லாமல் எதைப் பார்த்துக் கூப்பிடுவது? பலகையைப் பார்த்தா? ஊரின் மூத்த பெண்கள் கூடிப் பேசி, கூப்பிட வேண்டாம், விட்டுவிடு என்றார்கள். விட்டோம்.

கல்யாணம் ஆகாதவன் என்பதால் புதைத்தோம். வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி சுட்டார்கள். ஆலமரத்துப் பறவை எல்லாம் கிளம்பி, வெகு நேரம் உட்கார இடமில்லாமல் சுற்றியது. கொடியை மடித்து என் கையில் கொடுத்தார்கள். நிமிர்ந்து நின்று வாங்கினேன். ஒரு சொட்டு விடவில்லை. நாச்சாத்தா கல்லாட்டம் நின்றாள் என்று ஊர் பேசியது. பேசட்டும். அவனை அனுப்பிவைக்க வந்த பட்டாளத்துக்காரர்கள் முன்னால் அவனுடைய அம்மா குனிந்து நின்றிருக்கக்கூடாது. அதை நான் இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன்.

அன்றைக்குப் பிறகு அவனுடைய அப்பா, அந்தப் பேர் காதில் விழுந்தால் சாப்பிடுகிற இலையிலிருந்து எழுந்துவிடுவார். அதனால் சொல்லாமல் இருந்தோம். அவரும் போய்ப் பல வருஷம் ஆகிறது. சொல்லாமல் இருந்த பழக்கம் மட்டும் போகவில்லை. பிறகு அந்தச் சின்ன வண்டியும் நின்றது. பாதையைப் பெயர்த்தார்கள். பல வருஷம் அந்த இடத்தில் புல் முளைத்து ஆடு மேய்ந்தது. அதற்கப்புறம்தான் இப்போதுள்ள பெரிய பாதை வந்தது.

டீச்சர் சொன்ன ஒரு சொல்

டீச்சர் வந்தாள். தங்கமணி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். வளையல் சத்தம் கேட்டது.

கடைசியில் அவனை எழுப்பிவிட்டால் என்ன என்று டீச்சரிடம் கேட்டேன். எல்லாரும் வரிசையாக நின்று கும்பிடும்போது அவனும் எழுந்து கும்பிடட்டும். வழக்கமாக நாடகம் முடிந்தால் அப்படித்தானே.

 நான் கொடுத்த மோரைக் குடித்து முடித்தாள்.

"அம்மே, அந்தக் கதையில பையனோட அம்மை வீட்டில இருக்கா. மகன் எப்படிப் போனான்னு அவளுக்குச் சொல்ல ஆளில்ல. பார்க்க வர்ற நம்மதான் கண்ட ஆளு. அவன் எழுந்து சிரிச்சுக் கும்பிட்டா, நாம கைதட்டிட்டுப் போய்ச் சோறு உண்ணும். அப்ப அவன் விழுந்ததே பொய்யாப் போகும்."

கும்பிடவே போவதில்லை என்றும் சொன்னாள். கைதட்ட இடம் வைக்கப் போவதில்லை. விளக்கெல்லாம் போட்டுவிடுவார்களாம். அவன் கிடப்பானாம். கடைசி ஆள் களத்தை விட்டுப் போகிற வரைக்கும் எழக்கூடாது என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறாளாம். உலகம் அப்படித்தானே அந்தப் பையனை விட்டுவிட்டுப் போனது, அதை ஜனங்கள் தங்கள் காலால் உணரட்டும் என்றாள்.

மற்றதெல்லாம் எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் மகன் எப்படிப் போனான் என்று சொல்ல ஆளில்லை என்றாளே, அது மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கும் யாரும் சொல்லவில்லை. நின்றபடி விழுந்தானா, ஓடும்போது விழுந்தானா, கை எப்படி மடங்கியது, தொப்பி எங்கே உருண்டது, ஒன்றும் தெரியாது. மலையில், பனியில். அவ்வளவுதான்.

நாடகம் நடக்கட்டும் என்றேன்.

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. அதன் பிறகு தங்கமணி என்னோடு பேசவில்லை. சோறு வைப்பாள், தட்டு தரையில் படுகிற சத்தத்திலேயே எல்லாம் தெரியும். "நீங்க எல்லாரும் கண்டுட்டு வாங்க. நான் வர்றதில்ல" என்று கதிரிடம் சொல்வதுபோல எனக்குச் சொன்னாள்.

அந்த மாலை

வெயில் சாயும்போதே ஜனம் சேர்ந்துவிட்டது. கோவிந்தாபுரத்திலிருந்துகூட ஒறம்பரைகள், சொந்தக்காரர்கள், வந்திருந்தார்கள். மரத்தில் மாங்காய் கனத்துத் தொங்கிய நேரம். மாங்காய்ப் பால் வாசம் களமெல்லாம் அடித்தது. எனக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். களத்துக்குச் சொந்தக்காரி அல்லவா.

பஞ்சைப் பிய்த்துத் தரையெல்லாம் பனியாகப் போட்டிருந்தார்கள். இலவம் பஞ்சு. காற்று அடித்தபோது பாதிப் பனி தோப்புக்குள் போய்விட்டது. வேலுச்சாமி வசனத்தை மறந்தான், ஆட்டுப் பல் பேச்சைப் பேசினான், ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. கதிர் அந்தப் பெண்ணிடம் நாக்குக் குழறியபோது பின்னாலிருந்து ஒரு குரல், "சொல்றா மாப்பள, சொல்றா" என்றது. நானும் சிரித்தேன்.

பிறகு அந்தி வண்டி வந்தது. நிஜ வண்டி. வேலிக்கு அந்தப் பக்கம் தரை அதிர, சன்னல் வெளிச்சம் ஒவ்வொன்றாக எங்கள் முகத்தின் மேல் ஓடியது. அந்தச் சத்தத்துக்குள்ளேதான் கதிர் கம்பி வேலியை நோக்கி ஓடினான். கையைத் தூக்கினான். திரும்பினான். விழுந்தான்.

ஓடும்போது விழவில்லை. நின்று, திரும்பி, பிறகு விழுந்தான். பார்த்தேன். கை அடியில் மடங்கியது. தொப்பி உருண்டு பஞ்சுக்குள் நின்றது.

வண்டி போய்விட்டது. விளக்கெல்லாம் போட்டார்கள். மற்ற நடிகர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கிப் போனார்கள். கதிர் மட்டும் கிடந்தான்.

டீச்சர் கணக்குப்படி இப்போது ஜனம் எழுந்து போக வேண்டும்.

ஒருவரும் எழவில்லை.

முதலில் பெரியவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். பிறகு முன்வரிசைப் பெண்கள் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி தலைமுடியை அவிழ்த்தார்கள். பேச்சு அடங்கியது. பீடி பிடித்துக்கொண்டிருந்தவன் அணைத்தான். குழந்தை ஒன்று கதிரிடம் ஓடப் பார்த்தது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். விழுந்தவன் கிடக்கிறான், எழுப்பவில்லை, எப்படிக் கலைவது? யாரும் சொல்லிக்கொடுக்காமலே எங்கள் ஜனம் அதைப் படுகளமாக எடுத்துக்கொண்டது.

டீச்சர் மாமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஜனம் போனால்தான் பையன் எழுவான். பையன் எழுந்தால்தான் ஜனம் போகும். இதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. வேலுச்சாமி அவள் பக்கத்தில் போய்க் குசுகுசுவென்று ஏதோ சொன்னான். அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

நேரம் போனது. கதிரின் வயிறு மெதுவாக ஏறி இறங்கியது. பஞ்சு ஒன்று அவன் உதட்டில் ஒட்டியிருந்தது.

"பெத்தவளெங்க?" என்று பின்னால் ஒரு பெரியவர் கேட்டார். "தங்கமணியக் கூப்புடுங்கப்பா. தாயில்லாம எப்புடி எழுப்பறது?"

செம்பு

ஆள் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து தங்கமணி வந்தாள். வரமாட்டேன் என்றவள் முழு நாடகத்தையும் அங்கே நின்று பார்த்திருக்கிறாள். முடி அவிழ்ந்திருந்தது. கையில் செம்பு. செம்புக்குள் வேப்பிலை. வீட்டிலிருந்து கிளம்பும்போதே கொண்டுவந்திருக்கிறாள்.

என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். என் நாற்காலிக்கு அருகில் வந்ததும் நின்றாள். என் முகத்தில் என்ன கண்டாளோ தெரியாது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகச் செம்பை என்னிடம் நீட்டினாள்.

"முன்னாடி நீங்க கூப்புடுங்கத்தை," என்றாள். "உங்க பையன."

எழுந்தேன். என்னை யாரும் பிடிக்கவில்லை. பிடிக்க வந்தாலும் விட்டிருக்க மாட்டேன். பஞ்சில் கால் வைத்து நடந்தேன். கதிரின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். என் முடியை அவிழ்த்தேன். இருக்கிற முடி கொஞ்சம்தான்.

முகம் இருந்தது. கூப்பிடுவதற்கு ஒரு முகம் இருந்தது. அந்த வயசு முகம், அந்த அரும்பு மீசை. வேப்பிலையை நனைத்து நெற்றியில் தெளித்தேன்.

"முருகேசு," என்றேன்.

எங்கள் வீட்டு ஆண்கள் நிற்கிற பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். எத்தனையோ வருஷம் கழித்து அந்தப் பேர் வெளியே வருகிறது. வாய்க்கு அது மறக்கவில்லை.

"முருகேசு. அம்மா வந்துட்டனப்பா. எந்திரி சாமி."

எழவில்லை.

"முருகேசு. மாடு ஈன்னிருச்சு. எந்திரி."

கதிரின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. இமை துடித்தது. ஆனால் அவன் எழவில்லை. அசையக்கூட இல்லை. கூப்பிட்டது அவன் பேர் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

வரவில்லை என்பதை என் கண்ணால் கண்டேன். இனி வரமாட்டான். அதைக் காண்பதற்கு எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்று. அப்போதுதான் அழுதேன். கல்லாட்டம் நின்றாள் என்று பேசிய ஊர் முழுக்க அங்கேதான் இருந்தது. இருக்கட்டும் என்று அழுதேன். பெண்கள் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்து கூட அழுதார்கள். சிலர் அவன் பேரைச் சொல்லியே அழுதார்கள். அவனோடு படித்தவர்கள், அவனுக்கு முறைப்பெண்ணாக இருந்து இப்போது பேரன் எடுத்தவர்கள்.

அழுது ஓய்ந்ததும் செம்பைத் தங்கமணியிடம் கொடுத்தேன்.

"உம் மவன நீ கூப்புடு புள்ள."

அவள் இலையில் தொட்டுத் தெளிக்கவில்லை. செம்பை அப்படியே அவன் முகத்தில் கவிழ்த்துவிட்டாள்.

"கதிரு, எந்திரிடா."

எழுந்துவிட்டான். டீச்சரிடம் ஒத்துக்கொண்டதெல்லாம் அந்தத் தண்ணீரோடு போயிற்று. இருமிக்கொண்டு, பஞ்சு ஒட்டிய முகத்தோடு உட்கார்ந்து அவன் அம்மாவைப் பார்த்து விழித்தான். அவள் இரண்டு கையாலும் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஜனம் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டது. யாரும் கைதட்டவில்லை. அந்த ஒன்று மட்டும் டீச்சர் நினைத்தபடி நடந்தது.

பிறகு

மறுநாள் டீச்சர் வந்தாள். கொஞ்ச நேரம் தங்கமணியோடு உட்கார்ந்து மாங்காய் நறுக்கினாள். போகும்போதுதான் கேட்டாள், பாலக்காட்டில் இதே நாடகம் போடப்போகிறோம், அங்கேயும் அம்மை வந்து எழுப்புவதுபோல வைக்கட்டுமா என்று.

வேண்டாம் என்றேன். அங்கே அவன் கிடக்கட்டும். எழுந்துவிட்டால் அவன் விழுந்தது பொய்யாகிவிடும் என்று நீ சொன்னாயே, அது மெய்தான். எங்கள் களத்திலும் அவன் எழவில்லை. எழுந்தது கதிர்.

பாலக்காட்டில் அப்படியே போட்டார்கள். கதிர் கிடந்தான். ஜனம் எழுந்து, அவனைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொருவராக வெளியே போனதாம். கடைசியாக அரங்கத்தில் மிஞ்சியது தங்கமணி மட்டும். கைப்பையில் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தாளாம்.

ஒரு நாள் கதிர் என்னிடம் சொன்னான். "நீங்க கூப்புட்டப்போ, எந்திரிச்சிரலாமான்னு இருந்துச்சுங்காத்தா. உங்களுக்காக."

"எந்திரிச்சிருந்தா உன்னை அறைஞ்சிருப்பேன்," என்றேன்.

அவ்வளவுதான். ஆறு பேரும் வந்துவிட்டார்கள். பந்தியில் எல்லா இலைக்கும் பரிமாறியாயிற்று.

சரி கதிரு, பேனாவை மூடு. நீ கண்ணை மூடிக் கிடந்த ஆள். நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை. எழுதினதை முதலிலிருந்து படி, கேட்கிறேன். உங்கம்மாவையும் அடுக்களையிலிருந்து வரச் சொல். உங்கப்பனும் வந்து உட்காரட்டும். அந்தப் பேர் வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்தாதே. வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரிப் படி.